'பொறு' என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு எப்படியும் ஒரு "ஆளுமை விருத்திச் செயலமர்வு" வந்து சேர்ந்துவிடுகிறது. பேனர் கட்டுவாங்க, புரொஜெக்டர் வரும், கடைசியில பிள்ளைகளுக்கு ஒரு பிஸ்கட் பக்கெட்டும் கிடைக்கும். திரையில் ஓடுகிற வீடியோ பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததுதான். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை மேசை முன்னால உட்கார்ந்திருக்கும். தட்டில் ஒரு இனிப்பு. "இதைச் சாப்பிடாம நான் வர்ற வரைக்கும் இருந்தா ரெண்டு தருவேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். பிள்ளை நெளியும், முகர்ந்து பார்க்கும், கண்ணை மூடிக்கொள்ளும். வீடியோ முடிந்ததும் வளவாளர் மைக்கைப் பிடிப்பார். "பொறுத்த பிள்ளை வாழ்க்கையில முன்னுக்கு வந்திச்சு. பொறுக்காத பிள்ளை அங்கேயே நின்னுச்சு. நீங்க எந்தப் பிள்ளை?"

டிக்கோயாவில ஒரு லயத்துப் பிள்ளையைப் பார்த்துக் கேட்கக் கூடாத கேள்வி என்று ஒன்று இருந்தால், அது இதுதான். ஏன் கேட்கக் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஒன்றை ஒத்துக்கொள்வோம். சுய ஒழுங்கு என்பது சும்மா மேடைப் பேச்சு இல்லை. ஒரு பிள்ளை கணக்குப் போடும்போது கேள்வியை மனசில பிடிச்சு வைக்கணும். பக்கத்து வாங்கில இருக்கிறவன் கிள்ளினாலும் கவனம் சிதறாம இருக்கணும். போட்ட வழி சரிவரல்லன்னா வேற வழிக்கு மாறணும். இந்த மூன்றும் இல்லாமல் படிப்பு ஏறாது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு இன்னும் மூன்று தேவை: இன்றைக்கு என்ன படிக்கப் போறேன் என்று திட்டம் போடுறது, படிக்கும்போதே "விளங்குதா?" என்று தன்னைத்தானே கேட்கிறது, முடிந்த பிறகு எங்க பிழைச்சது என்று திரும்பிப் பார்க்கிறது. நியூசிலாந்தின் டனீடின் நகரத்தில் 1972–73 இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். சின்ன வயதில் சுயகட்டுப்பாடு கூடியிருந்தவர்களுக்கு 32 வயதில் உடல்நலமும் பணநிலையும் மற்றவர்களைவிட நன்றாக இருந்ததாக 2011 இல் அந்த ஆய்வு சொன்னது. ஆகவே சுய ஒழுங்கு தேவையா இல்லையா என்பதில் நமக்குச் சண்டை இல்லை. அது எங்கிருந்து வருது, அதை யார் கெடுக்கிறாங்க என்பதில்தான் சண்டை.

வளவாளர் பாதியில நிறுத்திய கதையின் மிச்சத்தைப் பார்ப்போம். அந்த இனிப்புப் பரிசோதனையை 1960களின் கடைசியில் தொடங்கியவர் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு பாலர் பாடசாலையில் நடந்தது. பெரும்பாலும் பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள வீட்டுப் பிள்ளைகள். பல வருடம் கழித்து அவர்களைத் தேடிப் பார்த்தபோது, கூடுதல் நேரம் பொறுத்தவர்கள் பரீட்சையில் கூடுதல் புள்ளி எடுத்திருந்தார்கள். புரொஜெக்டர் இந்த இடத்தோட ஓஃப் ஆகிவிடும்.

2018 இல் டைலர் வாட்ஸ் என்பவரும் அவருடைய குழுவும் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவை எடுத்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். முக்கியமாக, தாய் பட்டப்படிப்பு முடிக்காத குடும்பத்துப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். பொறுமைக்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு பழைய ஆய்வு சொன்னதில் பாதிதான் இருந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், பிள்ளையின் ஆரம்பத் திறமை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தபோது அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது. பிள்ளையின் மனசை அளக்கிறோம் என்று நினைத்தவர்கள் பெரும்பாலும் அளந்தது வீட்டை.

இதைவிட நமக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று இருக்கு. 2013 இல் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவர் செய்தது. 28 பிள்ளைகள், மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை. சின்ன ஆய்வுதான், ஆனால் முடிவு பெரியது. இனிப்பைக் காட்டுவதற்கு முன்னால் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுத்தார்கள். "கொஞ்சம் இரு, இதைவிட நல்ல கலர் பென்சில் கொண்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டு வந்து கொடுத்தார்கள். மற்றப் பாதிப் பேரிடம் "மன்னிச்சுக்கோ, இல்லையாம்" என்று வெறுங்கையோட வந்தார்கள். இப்படி இரண்டு தடவை. அதற்குப் பிறகுதான் இனிப்பு. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம்.

இரண்டு கூட்டத்துக்கும் பிறப்பிலே மனக்கட்டுப்பாட்டில் வித்தியாசம் எதுவும் இல்லை. எந்தப் பிள்ளை எந்தக் கூட்டம் என்று பிரித்ததே ஆய்வாளர்தான். இரண்டே இரண்டு பொய், அதுவும் கலர் பென்சிலும் ஸ்டிக்கரும் பற்றிய பொய், ஒரு பிள்ளையின் "பொறுமை"யை நாலில் ஒன்றாக்கப் போதுமாக இருந்தது.

இப்ப நம்ம மலைக்கு வாங்க. இங்க எத்தனை பொய்?

1000 ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை 2015 இல் கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்கு வந்தது. 2019 ஜனவரி ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாயோடு நின்றது. 2020 ஜனவரியில் "மார்ச் 1 முதல் ஆயிரம்" என்று அறிவித்தார்கள். அந்த மார்ச் வந்தது, போனது. அடுத்த வருட மார்ச்சில்தான், அதுவும் சம்பள நிர்ணய சபை வழியாக, ஆயிரம் கைக்கு வந்தது. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1700 என்றார்கள். கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின, வர்த்தமானி நின்றது, செப்டம்பரில் முடிவானது 1350. அந்த 1700ஐத் தாண்டிய கணக்கு, அரசாங்கத்தின் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1750 என்று, 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில்தான் வாசிக்கப்பட்டது.

வீட்டுக் கதையும் இதே மாதிரிதான். 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் வந்தது நம்மில் நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கும். டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையின் புதிய கட்டடம் அன்றைக்குத் திறக்கப்பட்டது. அது கண் முன்னால நிக்குது, அதனால நம்புறோம். அதே நாள் பக்கத்து நோர்வூட் மைதானத்தில் இன்னும் 10,000 வீடு என்று அறிவிப்பு வந்தது. அதில் முதல் 1300 வீட்டுக்கு அடிக்கல் நாட்டியது 2024 பெப்ரவரியில். 2017 இல் தரம் ஒன்றில் சேர்ந்த பிள்ளை அடிக்கல் நாட்டும்போது தரம் எட்டுக்கு வந்திருந்தது. வீட்டுக்கு இல்லை, கல்லுக்கு ஏழு வருடம்.

ஆய்வுகூடத்தில் கலர் பென்சில் வராததற்கே 9 நிமிடம் குறைந்தது. இங்க சம்பளம் வரல்ல, வீடு வரல்ல. பெரிய வாக்கு உடையும்போது சின்ன வாக்கும் சேர்ந்தே உடையுது. "சம்பளம் எடுத்ததும் சப்பாத்து வாங்கித் தாறேன்" என்று சொல்கிற அம்மா பொய் சொல்லவில்லை. அந்த மாதம் மழையில கொழுந்து இல்லை, கிலோ குறைஞ்சு நாலு நாள் அரைப்பேராப் போச்சு, கடைக்காரருக்குக் கொடுத்தது போக மிச்சம் இல்லை. பிள்ளைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அதுக்குத் தெரிகிறது ஒன்றுதான்: பிறகு என்று சொன்னால் வராது. அப்படிப்பட்ட பிள்ளை கையில் இருக்கிறதை உடனே எடுத்துக்கொண்டால் அது புத்தி. அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்ட சரியான பாடம். அதை "கட்டுப்பாடு இல்லாத பிள்ளை" என்று பெயர் வைத்துக் கூப்பிடுகிறவர்தான் பாடத்தைத் தப்பா வாசிக்கிறார்.

பணக் கஷ்டம் மூளையை என்ன செய்யும் என்பதற்கும் தூரத்துக்குப் போகத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை சோதித்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலானவர்கள் 2013 இல் வெளியிட்ட ஆய்வு அது. அதே ஆள், அதே மூளை. அறுவடைக்கு முன்னால், கையில் காசில்லாமல் அடகுக்கடைக்கு அலைகிற காலத்தில், கவனத்தையும் யோசிக்கும் திறனையும் அளக்கிற சோதனைகளில் மோசமாகச் செய்தார்கள். அறுவடைக் காசு கைக்கு வந்ததும் அவர்களே நன்றாகச் செய்தார்கள். கவலை என்பது மனசில் இடம் பிடித்து உட்கார்ந்துகொள்கிற சாமான். பெரியவங்களுக்கே இப்படின்னா, அந்தக் கவலையைப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில எல்லாரோடும் சேர்ந்து சுவாசிக்கிற பிள்ளைக்கு?

அந்தக் காம்பராவை நினைத்துப் பாருங்க. ஒரே இடத்தில் அடுப்புப் புகை, டீவி, தம்பியின் அழுகை, அடுத்த காம்பராவின் சண்டை. தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் போகாத லயங்கள் இன்னும் இருக்கு. இஸ்தோப்பில உட்கார்ந்தா குளிர், உள்ளே உட்கார்ந்தா சத்தம். கொழும்பில தனி அறை, மேசை, மேசை லாம்பு, "சத்தம் போடாதீங்க, புள்ள படிக்குது" என்று சொல்ல ஒரு வேலைக்காரப் பெண் (அவளும் பெரும்பாலும் நம்ம ஊர்க்காரிதான்) இருக்கிற பிள்ளைக்குக் கவனத்தைப் பாதுகாக்கிற வேலையில் பாதியைச் சுவர் செய்துவிடுகிறது. நம்ம பிள்ளை அந்த முழு வேலையையும் தன் மனசாலேயே செய்யவேண்டியிருக்கு. பிறகு இரண்டு பேரையும் ஒரே பேப்பரில் அளந்து, ஒருத்தருக்கு "மனக்கட்டுப்பாடு குறைவு" என்று போடுகிறோம்.

இன்னொன்றையும் யாரும் அளக்கிறதில்லை. அம்மா மலைக்குப் போன பிறகு தம்பியைக் குளிப்பாட்டி, சோறு கட்டி, கதவைப் பூட்டி, மணிக்குச் சரியாகப் பள்ளிக்கூடம் வருகிற பதினொரு வயதுப் பிள்ளைகள் இங்கே எத்தனை? திட்டம் போடுறது, ஞாபகம் வைக்கிறது, கோபத்தை அடக்கிறது, ஒன்று தவறினால் இன்னொரு வழி பார்க்கிறது எல்லாம் அந்த இரண்டு மணித்தியாலத்தில் நடந்து முடிஞ்சிரும். அதே பிள்ளை வகுப்பில தூங்கி விழுந்தா "பொறுப்பில்லாதது". நான் இதைப் புகழவில்லை. பதினொரு வயதில் அந்தச் சுமை இருக்கவே கூடாது. ஆனால் "இந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் திறமையே இல்லை" என்று சொல்வது பச்சைப் பொய். திறமையைக் காலையிலேயே செலவழித்து முடித்துவிட்டு வருகிறார்கள்.

அடுத்தது பிரம்பு. பிள்ளைகளுக்கு ஒழுங்கு வர அடிதான் மருந்து என்று இன்னும் நம்புகிற டீச்சர்மார், சேர்மார் இருக்காங்க. அப்படி நம்புகிற பெற்றோர் அதைவிடக் கூட. "தோலை உரிங்க சேர், கண்ணை மட்டும் விட்டுடுங்க" என்று ஒப்படைக்கிற வழக்கம் நமக்குத் தெரியாததா? கல்வி அமைச்சு உடல் ரீதியான தண்டனையைத் தடுத்து 2005 இலேயே சுற்றுநிருபம் விட்டது. 2016 இல் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபம் அதைத் திரும்பச் சொன்னது. ஆசிரியர் அறைந்து ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்த ஆசிரியரும் அரசும் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது மாத்தறைப் பக்கத்து வழக்கு. நம்ம பக்கத்தில் நீதிமன்றம் வரைக்கும் போக எந்த அம்மாவுக்கு ஒரு நாள் பேரை விட முடியும்?

சட்டத்தை விடுங்க, கல்வியையே பாருங்க. சேர் இருக்கும்போது கையைக் கட்டி அசையாமல் இருந்து, சேர் வெளியே போனதும் கூரை பறக்கச் சத்தம் போடுகிற வகுப்பு சுய ஒழுங்கு கற்ற வகுப்பா? அங்கே ஒழுங்கு இருந்தது பிரம்பில். பிரம்பு வெளியே போனதும் ஒழுங்கும் கூடவே போய்விட்டது. சுய ஒழுங்கு என்பது யாரும் பார்க்காதபோது என்ன நடக்குது என்பதுதான். அடங்கிப்போவதற்கும் தன்னை நடத்திக்கொள்வதற்கும் உள்ள இந்த வித்தியாசம் வேறு யாரையும்விட நமக்கு விளங்கவேண்டும். காலையில பெரட்டுக்களத்தில பேர் கூப்பிட, கங்காணி நிற்கச் சொன்ன நிரையில் நின்று, கேள்வி கேட்காமல் மலையேறிய சமூகம் நாங்க. தோட்டத்துக்குப் பள்ளிக்கூடம் வந்ததும் அந்தத் தோட்ட நிர்வாகத்தின் கீழ்தான். நிரையில நிற்கவும் சொன்னதைச் செய்யவும் நமக்கு இருநூறு வருடமாகத் தெரியும். அதைப் பள்ளிக்கூடம் இன்னும் ஒரு தடவை கற்றுத்தரத் தேவையில்லை.

பிரம்பு இல்லாத வகுப்பிலும் ஒரு பிரச்சினை இருக்கு. தரம் ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் ஒரு பிள்ளை தானாக என்ன முடிவெடுக்குது? கரும்பலகையில் இருக்கிறதைக் கொப்பியில் எழுது. சொல்லச் சொல்ல நோட்ஸ் எடு. புலமைப்பரிசிலுக்கு பாஸ் பேப்பர் செய், திரும்பச் செய். எதை முதல்ல படிக்கிறது, எனக்கு எது விளங்கல்ல, எப்படி விளங்கிக்கொள்றது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பிறகு சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னால் லீவ் கொடுத்து "வீட்டில இருந்து படி" என்று அனுப்புவோம். பிள்ளை புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முழிக்கும். ஒரு நாளும் தண்ணியில இறக்காத பிள்ளையைக் காசல்ரீ அணைக்கட்டில தள்ளிவிட்டு நீந்தத் தெரியல்லைன்னு திட்டுகிற மாதிரி.

சின்னப் பிள்ளைகள் ஒரு வேலை செய்யும்போது தங்களுக்குள்ளே பேசிக்கொள்வதைப் பார்த்திருப்பீங்க. "இதை இங்க வைக்கணும், இல்ல இல்ல, அங்க." ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1930களிலேயே இதைக் கவனித்து எழுதினார். வெளியே பேசுகிற அந்தப் பேச்சுத்தான் மெல்ல உள்ளே போய், நினைப்பாக மாறி, பிள்ளை தன்னைத் தானே நடத்துகிற குரலாகுது என்றார். நம்ம வகுப்பில் முதல் கட்டளை என்ன? "வாயில விரலை வை!" அந்தக் குரல் முளைக்கிற இடத்திலேயே விரலை வைத்து அடைக்கிறோம்.

இதற்கெல்லாம் பதிலாக வருகிறது குப்பி லாம்புக் கதை. "நானும் லயத்துலதான் பிறந்தேன், குப்பி லாம்புல படிச்சேன், அடி வாங்கினேன், இன்னைக்கு இந்த நிலைமைக்கு வந்திருக்கேன்." அவர் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அதே குப்பி லாம்பில் படித்து, அதே அடியை வாங்கி, தரம் ஒன்பதில் விலகிக் கொழும்பில கடைக்குப் போனவருக்கு யாரும் மைக் கொடுக்கிறதில்லை. தப்பி வந்த ஒருவரை மேடையில் ஏற்றி, "பாதை நல்லாத்தான் இருக்கு, நடக்கத் தெரியாதவங்கதான் விழுந்தாங்க" என்று சொல்ல வைக்கிறோம். அந்தக் கதையில் யாருக்கு லாபம்? கம்பனிக்கும், கல்வி வலயத்துக்கும், மேடையில் வாக்குக் கொடுத்தவருக்கும். பிள்ளையின் மனசுதான் குற்றவாளி என்றால் அவர்கள் யாரும் எதையும் செய்யத் தேவையில்லை.

சரி, நாம என்ன செய்றது? இதை வாசிக்கிறவங்களில் நிறையப் பேர் மாலை நேர வகுப்பு நடத்துறீங்க, தொண்டராசிரியரா இருக்கீங்க, வீட்டில தங்கச்சிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறீங்க. சம்பளத்தையும் வீட்டையும் நாளைக்கே வாங்கித் தர நம்மால முடியாது. அதுக்கான போராட்டம் வேற, அதையும் விடக்கூடாது. ஆனால் பிள்ளைக்கு "பிறகு என்று சொன்னால் வரும்" என்று காட்டுகிற ஒரு இடத்தை நம்மால் உண்டாக்க முடியும்.

ஐந்து மணிக்கு வகுப்பு என்றால் ஐந்து மணிக்குக் கதவு திறந்திருக்கணும். மழை பெய்தாலும். செவ்வாய்க்கிழமை பேப்பர் திருத்தித் தாறேன்னா செவ்வாய்க்கிழமை கையில இருக்கணும். முடியாததைச் சொல்லவே கூடாது. சுற்றுலா கூட்டிட்டுப் போறேன்னு ஆசை காட்டிவிட்டுக் காசு சேரல்ல என்று விடுகிற ஒவ்வொரு தடவையும் நாமும் கொட்டகலை மேடைக்காரர்தான்.

வகுப்பு தொடங்கும்போது ஐந்து நிமிடம்: "இன்னைக்கு நான் எதைச் செய்யப் போறேன்?" என்று பிள்ளையே எழுதட்டும். முடியும்போது ஐந்து நிமிடம்: "எது சரிவந்திச்சு, எங்க மாட்டிக்கிட்டேன்?" கணக்கைச் செய்துகாட்டும்போது நம்ம மனசில ஓடுகிறதை வாய்விட்டுச் சொல்வோம், பிழை விட்டுத் திரும்பி வருவதையும் சேர்த்து. பிள்ளைகளும் வாய்விட்டு யோசிக்கட்டும். பிரம்பு அந்த வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

அப்புறம் இடம். கோயில் மண்டபமோ, பாவிக்காம கிடக்கிற பிள்ளைமடுவமோ, சங்கக் காரியாலயமோ எதுவாக இருந்தாலும் சரி. ஒரு பல்பு, நாலு மேசை, சத்தமில்லாத இரண்டு மணித்தியாலம். அந்த இடத்தைத் தோட்டத்திடம் கேட்டு வாங்குவதும் போராட்டம்தான். தலைவர்களிடம் அடுத்த தடவை விளையாட்டுச் சாமான் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்க. திகதி போட்டு எழுத்தில் வாங்குங்க. பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போங்க. வாக்கு என்றால் என்ன, அதைக் காப்பாற்ற வைப்பது எப்படி என்று அதுங்களும் பார்க்கட்டும்.

செயலமர்வுக்கு வருகிறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாங்க, சந்தோசம். ஆனால் இனிப்பு வீடியோவை பேக்கிலேயே வைச்சிடுங்க. பொறுமையைப் பற்றித்தான் பேசணும்னா தோட்டக் காரியாலயத்தில, அமைச்சில, சங்கத் தலைமையகத்தில ஒரு செயலமர்வு போடுங்க. "வாக்குக் காப்பாற்றுதல்" என்று பேனர் கட்டுங்க. அந்தப் பேனரை நாங்களே பிடிக்கிறோம்.